ஏசி கேஸ் தீர்ந்துபோகாது: வேலூர் வெயிலில் ரிப்பேர் பில் ஏறும் விதம்

மார்ச் மாதத்தில் ஏசியை மறுபடி ஆன் செய்யும்போதுதான் பல வீடுகளில் விஷயம் தெரியவரும். நாலைந்து மாதம் சும்மா கிடந்த மெஷின் காற்றை மட்டும் தள்ளுகிறது, குளிர்ச்சியைக் காணோம். மெக்கானிக் வருகிறார், வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குப் போகும் பைப்பைத் தொட்டுப் பார்க்கிறார், "கேஸ் இறங்கிடுச்சு சார், போட்டா 3,000 ஆகும்" என்கிறார். போட்டதும் சில்லென்று வருகிறது, நமக்கும் திருப்தி. அடுத்த வருஷம் அதே மார்ச், அதே வார்த்தை, அதே 3,000.

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று எந்தப் பக்கம் கேட்டாலும், வண்டிக்கு ஆயில் மாற்றுவதுபோல இதையும் வருடாந்திரச் செலவாக ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு செலவு ஏசிக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்று புரிந்துவிட்டால், பில்லில் வரும் மற்றத் தொகைகளில் எது நியாயம், எது தேவையில்லாதது என்பதும் தன்னால் பிடிபடும். அதனால் மெஷினிலிருந்தே ஆரம்பிப்போம்.

## உள்ளே என்ன நடக்கிறது

அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் கிட்டத்தட்ட இதே தத்துவம். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பானையில் ஆவியானது காற்றோடு போய்விடும், தண்ணீர் குறையும், நாம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசியில் ஆவியானதைப் பிடித்து, அழுத்தி, மறுபடி திரவமாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். அந்தச் சுற்றில் நாலு இடங்கள் முக்கியம்:

1. கூலிங் காயில்: அறைக்குள் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டுக்குள் இருப்பது. இங்கேதான் திரவம் ஆவியாகி அறையின் சூட்டை உறிஞ்சுகிறது.
2. கம்ப்ரஸர்: அவுட்டோரில் இருக்கும் மோட்டார் பம்ப். ஆவியை இழுத்து அழுத்தும். மின்சாரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.
3. கண்டென்சர்: அவுட்டோரின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெரியும் ஜல்லடை மாதிரியான காயில். அழுத்தப்பட்ட ஆவி இங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது.
4. கேப்பிலரி அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வு: திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்து மறுபடி கூலிங் காயிலுக்கு அனுப்பும் குறுகிய வழி.

முழுக்க மூடிய சுற்று இது. கேஸ் எங்கேயும் எரிவதில்லை, தேய்வதில்லை, பழசாகிப் போவதும் இல்லை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் இதே நாலு பாகங்களை வைத்து ஓடுவதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ராத்திரி பகல் ஓடும் ஃபிரிட்ஜுக்கு யாராவது வருஷாவருஷம் கேஸ் போடுகிறார்களா? ஏசிக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

வித்தியாசம் ஒன்று உண்டு. ஃபிரிட்ஜின் பைப்புகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. ஸ்ப்ளிட் ஏசி இரண்டு துண்டாக வந்து, உங்கள் வீட்டில், பால்கனியில் நின்றுகொண்டு ஒருவர் செம்புப் பைப்பின் முனையை விரித்து நட்டு போட்டு இணைத்தது. அந்த இணைப்பை ஃப்ளேர் என்பார்கள். முனை சரியாக விரியாவிட்டாலோ, நட்டை அதிகமாக முறுக்கினாலோ, குறைவாக முறுக்கினாலோ அங்கே மயிரிழை ஒழுகல் தொடங்கும். ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகும் இடத்தை அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றியது மாதிரிதான்.

## ஒழுகல் எங்கே இருக்கும்

கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸரின் ஆயிலும் கொஞ்சம் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒழுகும் இடத்தில் பெரும்பாலும் ஆயில் பிசுக்கு படியும், அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாகத் திட்டு விழும். அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை வால்வுகள் இருக்கும், அதில் வந்து சேரும் நட்டுகளின் அடியில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் ஒழுகல் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. எட்டும் இடத்தில் இருந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நாமே பார்க்கலாம். எட்டிக் குதித்துப் பார்க்கும் உயரத்தில் இருந்தால் மட்டும் தயவுசெய்து முயற்சிக்க வேண்டாம்.

மற்ற இடங்கள்: காயிலின் ஓரத்தில் யு வடிவில் வளையும் பைப்புகள், அதிர்வில் ஒன்றோடொன்று உரசும் பைப்புகள், மழைத் தண்ணீர் தேங்கி அரிக்கும் கண்டென்சரின் அடிப்பகுதி.

நம் பக்கத்துக்கென்று இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடங்களை ஒட்டிய தெருக்களிலும், திறந்த சாக்கடை ஓடும் ஓரங்களிலும் அழுகிய முட்டை வாடை அடிக்கும் இல்லையா, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்பைக் கறுக்க வைத்து மெல்ல அரிக்கும். அந்த மாதிரி இடத்தில் இருக்கிறவர்கள் வாங்கும்போதே அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள காயிலா என்று கேட்டு வாங்குவதும், அவுட்டோரைச் சாக்கடைக்கு எதிர்ப்பக்கம் மாட்டுவதும் பின்னாடி வரும் காயில் செலவைத் தள்ளிப்போடும். போர் தண்ணீரை அடித்து அவுட்டோரைக் கழுவுவதும் அவ்வளவு நல்லதில்லை. உப்புத் தண்ணீர் காய்ந்து கண்டென்சரில் வெள்ளையாகப் படிந்துவிடும். கழுவினால் கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள்.

## அந்த 3,000 ரூபாய்க்கு என்னென்ன வேலை நடக்க வேண்டும்

இந்தப் பகுதியைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன். 1.5 டன் ஏசிக்கு முழு கேஸ் சார்ஜிங் என்று இப்போது சுமாராக 2,500 முதல் 4,000 வரை கேட்கிறார்கள். ஒரு வீட்டு ஏசியில் இருக்கும் கேஸ் சாதாரணமாக ஒரு கிலோவை ஒட்டித்தான், பல மாடல்களில் அதற்கும் குறைவு. சிலிண்டர் விலையைப் பார்த்தால் கேஸின் பங்கு அந்தப் பில்லில் சிறியதுதான். மீதி நீங்கள் கொடுப்பது வேலைக்கு. அந்த வேலை வரிசையாக இது:

1. ஒழுகலைக் கண்டுபிடிப்பது. நைட்ரஜனை அழுத்தமாக அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். குமிழி வரும் இடம் ஒழுகும் இடம்.

2. அதைச் சரிசெய்வது. ஃப்ளேர் என்றால் முனையை வெட்டிப் புதிதாக விரித்து நட்டு போடலாம், அரை மணி நேர வேலை. செம்புக் காயிலில் ஓட்டை என்றால் பற்றவைக்கலாம். அலுமினியக் காயிலில் பற்றவைப்பது கடினம், பெரும்பாலும் காயிலையே மாற்றச் சொல்வார்கள். அது 5,000 முதல் 10,000 வரை போகும்.

3. மறுபடி நைட்ரஜன் அடைத்து நிறுத்தி வைப்பது. மீட்டர் முள் இறங்காமல் நின்றால்தான் அடுத்த வேலை. இதை விட்டுவிட்டால் முதலில் செய்ததற்கு அர்த்தமே இல்லை.

4. வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுசாக உறிஞ்சுவது. குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸர் சுருளைத் தின்றுவிடும். இப்போதைய ஏசிகளில் இருக்கும் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது என்பதால் பழைய மெஷின்களைவிட இதில் ஆபத்து அதிகம்.

5. எடை போட்டு கேஸ் ஏற்றுவது. எத்தனை கிராம் என்று அவுட்டோரில் ஒட்டியிருக்கும் பிளேட்டிலேயே போட்டிருக்கும். டிஜிட்டல் தராசின்மேல் சிலிண்டரை வைத்து அந்த எடை இறங்கும்வரை ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பிரஷர் மீட்டரை மட்டும் பார்த்து அளவு சொல்வது சரிவராது.

எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரமாவது ஆகும். இருபது நிமிடத்தில் முடிந்தது என்றால் முதல் நாலும் நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இதில் எல்லாப் பழியையும் மெக்கானிக்மேல் போடவும் மனசு வரவில்லை. சீசனில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து வீடு ஏறி இறங்குகிறவரிடம் "சீக்கிரம் முடிங்க, குழந்தை தூங்கணும்" என்று நாமே அவசரப்படுத்துகிறோம், "லீக் பார்க்க 500 தனி" என்றால் "அதெல்லாம் வேண்டாம், கேஸ் மட்டும் போடுங்க" என்றும் நாமே சொல்கிறோம். அந்த 500 ரூபாயை மறுப்பதில்தான் வருஷா வருஷம் 3,000 போகிறது.

பணத்தைத் தாண்டி இரண்டு விஷயங்கள். ஒன்று, கேஸ் குறைவாக ஓடும் ஏசியில் கம்ப்ரஸர் சீக்கிரம் சாகும். கம்ப்ரஸர் வழியாக ஓடும் கேஸ்தான் அதன் மோட்டாரைக் குளிர வைக்கிறது. அது குறைந்தால் மோட்டார் காய்ந்துகொண்டே ஓடும். மூன்று வருஷம் அப்படி ஓட்டிவிட்டு, கம்ப்ரஸர் போனதும் "மெஷின் சரியில்லை" என்கிறோம். இரண்டாவது இன்னும் முக்கியம். ஒழுகல் பார்க்க நைட்ரஜனுக்குப் பதிலாக வெல்டிங் ஆக்ஸிஜனை அடைக்க எவரையும் விடாதீர்கள். ஆயிலும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். கம்ப்ரஸர் வெடித்து ஆள் இறந்தார் என்ற செய்திக்குப் பின்னால் இதுவோ, ஒழுகும் மெஷினில் காற்று உள்ளே இழுக்கப்பட்ட நிலையில் கம்ப்ரஸரை ஓட்டியதோ காரணமாக இருக்கக்கூடும். சிலிண்டர் நிறத்தைப் பார்த்து, என்ன கேஸ் என்று வாய்விட்டுக் கேளுங்கள், தப்பில்லை.

## எந்த கேஸ் என்பது ஏன் முக்கியம்

பிளேட்டில் கேஸின் பெயரும் இருக்கும். வீடுகளில் பார்ப்பது நாலு வகை.

ஆர்-22 பழையது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒழிக்கப்பட்டு வருகிறது. 2025 ஜனவரி முதல் இந்தியாவில் புது மெஷின்களில் அதைப் போட அனுமதியில்லை. பழைய மெஷின்களின் ரிப்பேருக்கு மட்டும் இன்னும் கிடைக்கிறது, வருஷம் போகப் போகக் குறையும். ஆர்-22 ஏசி வைத்திருக்கிறவர்கள் பெரிய செலவு எதுவும் அதற்குச் செய்யாமல் இருப்பது நல்லது.

ஆர்-410ஏ இரண்டு கேஸ்களைப் பாதிக்குப் பாதி கலந்தது. ஆர்-32 அந்த இரண்டில் ஒன்று, இன்றைக்குக் கடையில் விற்கும் ஏசிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இதுதான். லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, ஆனால் சாதாரண உபயோகத்தில் பயப்பட ஒன்றுமில்லை. பற்றவைக்கும் வேலை நடக்கும்போது மட்டும் கேஸை முழுக்க வெளியேற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும். ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் இனம். நன்றாகவே பற்றிக்கொள்ளும். அந்த ஏசிகளை அதற்குப் பழகிய ஆள்தான் தொட வேண்டும்.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. ஆர்-32ம் ஆர்-410ஏவும் ஆர்-22ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுபவை, ஆயிலும் வேறு. "இந்த கேஸ் இல்லை, அதைப் போட்டாலும் ஓடும்" என்று யாராவது சொன்னால் அந்த வேலையை அப்போதே நிறுத்திவிடுங்கள்.

## பழுதே இல்லாத பழுது

வேலூர் வெயிலுக்கு அறிமுகம் தேவையில்லை. மாசி மாத மயானக்கொள்ளைத் திருவிழாவில் தொடங்கி வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரைக்கும் ஏறுமுகம்தான், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியிலும் விட்டுக்கொண்டிருக்கும்.

ஏசியின் டன் கணக்கு இங்கேதான் குழப்பும். 1 டன் என்றால் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூடு வேண்டுமோ அந்த அளவு சூட்டை வெளியேற்றும் திறன், மணிக்கு 12,000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு), ஏறத்தாழ 3.5 கிலோவாட். இந்தத் திறனை அளப்பது வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில். நம் ஊரில் மத்தியானம் 42 டிகிரி, அவுட்டோர் மேற்குச் சுவரில் வெயில் வாங்கிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றி இன்னும் கூட. அப்போது 1.5 டன் மெஷின் 1.5 டன் வேலை செய்யாது, கரண்ட் மட்டும் கூடுதலாக இழுக்கும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் கான்கிரீட் மேலிருந்து அனலைக் கொட்டும்போது 18 வைத்தாலும் 26க்குக் கீழே இறங்காது. இது பழுதில்லை. ஆனால் இந்தப் புகாருக்காகவே மே மாதத்தில் ஆளைக் கூப்பிட்டு, வந்தவர் வெறுங்கையோடு போக முடியாமல் "கொஞ்சம் கேஸ் டாப் அப் பண்ணிட்டேன்" என்று காசு வாங்கிப் போவதும் நடக்கிறது. சரியான அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் சுமை.

பழுதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஏசியை 18ல் வைத்து, ஃபேன் வேகத்தை முழுசாக்கி, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். இன்டோரின் மேல்பக்கம் காற்றை இழுக்கும் இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வெளியே வரும் வாயில் ஒரு அளவு. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது, பிரச்சினை அறையிலும் வெயிலிலும் இருக்கிறது. மாடியில் வெள்ளை கூலிங் பெயின்ட், ஜன்னலுக்குக் கனமான திரை, அவுட்டோருக்கு மேலே காற்றோட்டத்தை மறைக்காத ஒரு தகரக் கூரை, இவை ரிப்பேரைவிடப் பலன் தரும். வித்தியாசம் 5, 6 டிகிரிதான் என்றால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் ஆளைக் கூப்பிடலாம்.

காயிலில் ஐஸ் கட்டினாலும் உடனே கேஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபில்டர் அடைத்துக் காற்று போகாமல் இருந்தாலும் ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் கட்டும். இரண்டும் ஒரே மாதிரித் தெரிவதால்தான் 600 ரூபாய் சர்வீஸில் முடிய வேண்டியது 3,000க்குப் போகிறது.

## பில்லில் வரும் மற்றப் பெயர்கள்

கெப்பாசிட்டர். பழைய மாடல், அதாவது இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் அலுமினிய டப்பா. அவுட்டோரில் ஃபேன் சுற்றும், கம்ப்ரஸர் "ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுபோகும், இதுதான் அடையாளம். டப்பாவின் மேலேயே 45, 50 என்று மைக்ரோஃபாரட் அளவு எழுதியிருக்கும், மீட்டரில் வைத்தால் அதை ஒட்டிக் காட்ட வேண்டும். 50 போட்ட டப்பா 35 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். கூலியோடு 500 முதல் 1,000க்குள் முடிய வேண்டிய வேலை. அந்த முனகலைக் கேட்டே "கம்ப்ரஸர் போச்சு" என்றால் நம்பாதீர்கள்.

கம்ப்ரஸர். 8,000 முதல் 18,000 வரை, பிராண்டையும் மாடலையும் பொறுத்து. இதற்குச் சம்மதிக்கும் முன் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று முனைகள் இருக்கும். எந்த முனைக்கும் உடம்புக்கும் நடுவே தொடர்பு காட்டினால் சுருள் எரிந்து பாடியில் தட்டுகிறது. இன்வெர்ட்டர் என்றால் முனைகளின் மூன்று ஜோடிகளுக்கும் மின்தடை ஒரே அளவு காட்ட வேண்டும். பழைய மாடலில் மூன்றும் வேறுவேறாகக் காட்டும், ஆனால் சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வரும். இதைச் செய்துகாட்ட இரண்டு நிமிடம் போதும். நல்ல மெக்கானிக் கேட்காமலே காட்டுவார்.

பிசிபி. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு. இன்வெர்ட்டர் ஏசியில் கெப்பாசிட்டர் தொல்லை போய் இது வந்திருக்கிறது. புது போர்டு 4,000 முதல் 12,000 வரை, ரிப்பேர் செய்தால் 1,500லிருந்து 3,500க்குள் முடியலாம். போர்டு போவதற்கு நம் பக்கத்தில் இரண்டு காரணங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. ஒன்று மின்சாரம்: கோடை ராத்திரியில் கட் ஆகித் திரும்பி வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜ். இன்னொன்று பல்லி. போர்டின் கதகதப்புக்கு அவுட்டோருக்குள் போய்ப் படுக்கும் பல்லி, இரண்டு தடங்களுக்குக் குறுக்கே கால் வைத்தால் முடிந்தது. கவரைக் கழற்றினால் காய்ந்த சருகு மாதிரி போர்டோடு ஒட்டிக் கிடக்கும், சுற்றிலும் புகைக்கறை. ஒயர் உள்ளே நுழையும் துளையை ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருந்தால் அந்தப் போர்டுச் செலவு மிச்சம். சர்வீஸுக்கு வருகிறவரிடம் இதை அவசியம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்பதற்கு, ஏசியின் பெட்டியில் போட்டிருக்கும் வோல்டேஜ் வரம்பைப் பாருங்கள். உங்கள் தெருவில் அந்த வரம்புக்குக் கீழே போகும் என்றால் தேவை. எர்த்தையும் கவனியுங்கள். பாறையும் சரளையுமான நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதில் தப்பில்லை.

ஃபேன் மோட்டார் 1,500 முதல் 3,500, சென்சார் சில நூறு, டிரெயின் பைப் அடைப்பு எடுப்பது சர்வீஸிலேயே சேர்ந்தது. இன்டோரிலிருந்து தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் அந்த அடைப்புதான்.

## வாரண்டி, ஏஎம்சி, வரி

"கம்ப்ரஸருக்கு 10 வருஷ வாரண்டி" என்பது பெரும்பாலும் கம்ப்ரஸர் என்ற பொருளுக்கு மட்டும். அதை மாற்றும் கூலி, கேஸ், போக்குவரத்து நம் தலையில் விழும். ஏழாவது வருஷத்தில் "இலவசக் கம்ப்ரஸர்" மாற்ற 5,000 பில் வந்தது என்று ஆத்திரப்படுகிறவர்கள் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தை முன்பே படித்திருந்தால் அதிர்ச்சி குறைந்திருக்கும்.

ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வகை. பாகங்களும் சேர்ந்தது ஒன்று, வெறும் சர்வீஸ் கூலி மட்டும் இன்னொன்று. விலை குறைவாகச் சொல்வது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். கேஸ், பிசிபி, காயில் மூன்றும் அதில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். புது ஏசிக்கு முதல் வருஷம் ஏஎம்சி தேவையே இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ரிப்பேர் கூலிக்கு முன்பும் 18, இப்போதும் 18, அதனால் ரிப்பேர் பில் அதனால் குறையவில்லை. பில்லில் ஜிஎஸ்டி போட்டால் 15 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவு செய்யாதவர் வரி வாங்க முடியாது.

## ரிப்பேரா, புதுசா

என் கணக்கு இப்படி. ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட மெஷின் என்றால் எந்த ரிப்பேரையும் செய்யலாம். ஐந்திலிருந்து எட்டு வரை, ஒரே ஒரு பெரிய பாகம் என்றால் செய்யலாம். கம்ப்ரஸரும் காயிலும் சேர்ந்து போயிருந்தால் வேண்டாம். எட்டுக்கு மேல், அதுவும் ஆர்-22 மெஷின், பில் 6,000ஐத் தாண்டும் என்றால் அந்தப் பணத்தைப் புதுசில் போடுங்கள்.

காரணம் மின்சாரம். ஒரு உத்தேசக் கணக்கு: பழைய 1.5 டன் ஏசி ஓடும்போது மணிக்கு 1.6 யூனிட் வரை இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் கம்ப்ரஸர் ஓடினாலும் எட்டரை யூனிட். நல்ல ஸ்டார் உள்ள இன்வெர்ட்டர் அதே வேலையை ஐந்து யூனிட்டில் முடிக்கலாம். 120 ராத்திரிக்கு 400 யூனிட் மிச்சம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் படி யூனிட்டுகள் இலவசம், மேலே போகப் போக விலை ஏறும், 500ஐத் தாண்டினால் நன்றாகவே கடிக்கும். ஏசியின் யூனிட்டுகள் எப்போதும் அந்த மேல் படியில்தான் போய் உட்காரும், அதனால் அந்த 400 யூனிட்டின் மதிப்பு இலவச யூனிட்டை வைத்துப் பார்ப்பதைவிட மிக அதிகம்.

ஆனால் மாதம் பத்து நாள் மட்டும் ஓடும் விருந்தினர் அறை ஏசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைப் பழுதுபார்த்தே ஓட்டலாம்.

## கூப்பிடும் முன், கூப்பிட்ட பின்

சர்வீஸை மயானக்கொள்ளைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்கு அப்புறம் வீடுகள், லாட்ஜுகள், ஹாஸ்டல்கள் எல்லாம் அதே ஆட்களைத்தான் தேடும், நிதானமாக வேலை நடக்காது.

கம்பெனியின் சர்வீஸ் நம்பரை இணையத்தில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள், போலி நம்பர்கள் ஏராளம். வாரண்டி அட்டையிலோ மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ இருப்பதை அழையுங்கள். ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் நாலு கேள்வி போதும்: பழுது எது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் பாகத்தின் பெயரும் அதற்கான வாரண்டி நாட்களும் இருக்கட்டும்.

ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றினால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சமரசத்தில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. ரசீது இல்லாமல் போனால்தான் அங்கே கஷ்டம்.

கேஸ் போட்ட நாளில் இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து அவுட்டோரின் பக்கவாட்டில் தேதி, எத்தனை கிராம், ஒழுகல் எந்த இடத்தில் இருந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவர், யாராக இருந்தாலும், முதலில் அதைத்தான் படிப்பார்.